உறவும் அயலும்: கொரியம், ஆர்மீனியம், கொழும்பு

(கொழும்பு வெள்ளவத்தையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொரிய மொழியையும் ஆர்மீனிய மொழியையும் ஒப்பிடுவது இன்றைய பொருள். இரண்டுக்கும் நடுவே ஆசியாக் கண்டத்தின் அகலம் முழுவதும் கிடக்கிறது. இவற்றைப் பேசியவர்கள் பழங்காலத்தில் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்கள் அல்லர். பிறப்பாலும் உறவு இல்லை. ஆர்மீனியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் தனிக் கிளை. கொரியத்துக்கோ ஜேஜு தீவின் பேச்சைத் தவிர நிறுவப்பட்ட உறவு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் இலக்கணத்தைத் திறந்தால் இரண்டும் பல இடங்களில் ஒன்றுபோல நடக்கின்றன. அந்த நடை தமிழருக்கு நன்கு பழகிய நடை. இது ஏன் என்பதற்கு விடை தேட உதவும் சான்றுகள் இந்த நகரத்தின் தெருக்களிலேயே இருக்கின்றன என்று நம்புகிறேன். அதனால்தான் இப்பொருளைக் கொழும்பில் பேசத் துணிந்தேன்.

கொரியம் இன்று நம் இளைஞர்களுக்குப் புதிதல்ல. 2004 இல் கொரியா வெளிநாட்டுத் தொழிலாளருக்கான அனுமதி முறையைத் தொடங்கிய பிறகு, இலங்கையிலிருந்து அங்கு வேலைக்குப் போக விரும்புபவர் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஆர்மீனியத்தோடு நமக்குள்ள தொடர்பு பழையது, சென்னை வழியானது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794 இல் சென்னையில்தான் அச்சானது. அதை வெளியிட்டவர் ஹருத்யூன் ஷ்மவோனியான் என்ற பாதிரியார். அங்கே குடியிருந்த ஆர்மீனிய வணிகர்களின் தேவாலயம் நிற்கும் ஆர்மீனியன் தெருவைச் சென்னைத் தமிழர் அரண்மனைக்காரன் தெரு என்று வழங்கினார்கள். அறியாத ஒலியைக் கேட்டதும் காது தன் மொழியையே அதில் தேடும். இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் தேவைப்படும்.

முதலில் ஒற்றுமை. ‘நான் வாசித்த புத்தகம்’ என்று சொல்கிறோம். வினை பெயரெச்சமாகிப் பெயருக்கு முன்னே நிற்கிறது. கொரியர் ‘நேகா இல்குன் செக்’ என்பார்கள்: நேகா நான், இல்குன் வாசித்த, செக் புத்தகம். ஆர்மீனியர் ‘இம் கர்தத்சத்ஸ் கிர்க்க’ என்று சொல்ல முடியும். ‘என்’ என்ற உடைமைச் சொல்லோடு தொடங்குவதைத் தவிர வரிசை அப்படியே நம்முடையது. சிங்களத்தில் ‘மம கியவபு பொத்த’. ஆங்கிலம் இந்த இடத்தில் பெயரை முதலில் வைத்து விளக்கத்தைப் பின்னால் தொங்கவிடும். இந்தி ‘ஜோ’ என்ற தனிச்சொல்லின் துணையை நாடும். மேற்சொன்ன நான்கு தொடர்களிலும் அப்படி இல்லை.

பெயர்ச்சொல்லுக்கு வருவோம். ‘புத்தகம்’ என்பதோடு ‘கள்’ சேர்த்து, அதன்மேல் ‘இல்’ சேர்த்துப் ‘புத்தகங்களில்’ என்கிறோம். ஒவ்வோர் உருபும் தன் வேலையை மட்டும் செய்கிறது. இன்றைய கிழக்கு ஆர்மீனியத்தில் ‘கர்கெர்’ என்றால் புத்தகங்கள், ‘கர்கெரி’ புத்தகங்களின், ‘கர்கெரும்’ புத்தகங்களில், ‘கர்கெரித்ஸ்’ புத்தகங்களிலிருந்து. தமிழ் மாணவர் ஒருவர் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒழுங்கு இது. ஆனால் 5ஆம் நூற்றாண்டின் ஆர்மீனியம் இப்படி இருக்கவில்லை. அன்று எண்ணும் வேற்றுமையும் பிரிக்க முடியாதபடி ஓர் ஈற்றில் கலந்திருந்தன. சமஸ்கிருதம் படித்தவர்களுக்கு அந்த நிலை விளங்கும். பெயருக்கு முன்னால் நின்ற இடைச்சொற்கள் பலவும் பின்னால் வந்து சேர்ந்தது பிற்காலத்தில்தான். ஆர்மீனியம் பிறக்கும்போதே நம்மைப் போல இருந்ததில்லை, அப்படி ஆயிற்று. இந்தப் பேச்சின் அச்சாணி இதுதான்.

கொரியமோ எழுத்தில் தெளிவாகத் தென்பட்ட நாளிலிருந்தே ஒட்டுநிலை மொழி. எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசை, பெயருக்குப் பின் உருபு, ஆண்பால் பெண்பால் என்ற இலக்கண வேறுபாடு இன்மை. ஒலியிலும் ஒரு நெருக்கம். தமிழில் ‘காகம்’ என்ற சொல்லில் முதல் ககரமும் இரண்டாம் ககரமும் ஒரே எழுத்து, ஒலி வேறு. இறைச்சியைக் குறிக்கும் கொரியச் சொல்லையும் தமிழில் ‘கோகி’ என்றே எழுதலாம். அங்கும் முதல் ககரம் வல்லோசை, நடுவில் வருவது மெல்லோசை, எழுத்து ஒன்றே. ஆர்மீனியத்தில் இவை தனித்தனி எழுத்துகள். மாற்றினால் பொருள் மாறும்.

மரியாதை ஒருமையிலும் கொரியம் நம் பக்கம்தான் நிற்கிறது. யாழ்ப்பாணத்தார் ‘வா’, ‘வாரும்’, ‘வாங்கோ’ என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். வெள்ளவத்தைச் சந்தையில் கொஞ்ச நேரம் நின்றால் மூன்றும் காதில் விழும். கொரிய வினையீறுகள் அதைவிடக் கூடுதலான படிகளைக் காட்டுகின்றன. யாரிடம் பேசுகிறோம் என்பதோடு யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் வினையில் தெரியும். ஆர்மீனியம் ‘து’, ‘துக்’ என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் அங்கே ஒரே சொல், ‘நா’. கொரியத்தில் அதே ‘நா’ என்றால் ‘நான்’. ஒலி ஒப்புமையை மட்டும் நம்பிப் புறப்படுபவர் இந்த ஒரு சொல்லிலேயே மூன்று மொழிகளையும் உறவாக்கிவிடுவார்.

அப்படியானால் உறவை எதைக்கொண்டு நிறுவுவது? இதற்கு ஆர்மீனியத்தைவிட நல்ல பாடம் இல்லை. பாரசீகக் குடும்பச் சொற்கள் ஏராளமாகக் கலந்திருந்ததால் 19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் ஆர்மீனியத்தை ஈரானியக் கிளையில் சேர்த்திருந்தார்கள். 1875 இல் ஹைன்ரிக் ஹ்யூப்ஷ்மன் கடன் சொற்களை ஒருபுறம் ஒதுக்கினார். எஞ்சிய சொற்களின் ஒலி மாற்றங்களை அடுக்கிப் பார்த்து, அது எந்தக் கிளைக்கும் உட்படாத தனிக் கிளை என்று காட்டினார். ஆர்மீனியத்தில் இரண்டு என்பது ‘எர்கு’. சமஸ்கிருத ‘த்வ’ வோடு இதற்கு ஓர் ஒலிகூட ஒத்துப்போகவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. மூலமொழியில் ‘த்வ’ என்று தொடங்கிய இடத்தில் ஆர்மீனியத்தில் ‘எர்க்’ வருவது ‘நீண்ட’ என்ற பொருளுடைய ‘எர்கர்’ போன்ற வேறு சொற்களிலும் காணப்படுகிறது. தகப்பன் ‘ஹய்ர்’, ஐந்து ‘ஹிங்’, நெருப்பு ‘ஹுர்’. மூலத்தில் பகரமாக இருந்தது ஹகரமாயிற்று.

இந்த மாற்றம் நமக்கு வேறோர் இடத்தில் தெரியும். தமிழில் பால், பத்து, புலி, பல், பூ. கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹுலி, ஹல்லு, ஹூவு. எல்லாம் ஒரே சீராக மாறியிருக்கின்றன. தமிழும் கன்னடமும் உடன்பிறப்பு என்பதற்குச் சான்று இந்தச் சீர்மைதான். சொற்கள் ஒத்திருப்பதைவிட, சொற்கள் ஒழுங்காக வேறுபட்டிருப்பது வலிய சான்று. கன்னடமும் ஆர்மீனியமும் ஒரே மாற்றத்தை அடைந்தன என்பதற்காக அவற்றை உறவாக்கிவிடவும் முடியாது. வாய் எல்லா மனிதருக்கும் ஒன்றே, சில மாற்றங்கள் எங்கும் நடக்கும்.

ஹ்யூப்ஷ்மனின் வழியில் போனால் நம் வாசலுக்கே வந்துசேர்கிறோம். சிங்களத்தில் இரண்டு ‘தெக’. அதுவும் ஆர்மீனிய ‘எர்கு’வும் ஒரே தாயின் பிள்ளைகள். மகளுக்குச் சிங்களத்தில் ‘துவ’, ஆர்மீனியத்தில் ‘துஸ்த்ர்’. பெயருக்கு ‘நம’, அங்கே ‘அனுன்’. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் பேரம் பேசும் சிங்கள வியாபாரியின் மொழி யெரெவான் நகரத்து மொழிக்குத் தூரத்து உறவு. அவரோடு அதே கடையில் நிற்கும் தமிழரின் மொழிக்கு அந்த உறவு இல்லை. ஆனால் வாக்கியத்தை அமைக்கும் விதத்தில் அந்த வியாபாரி ஆர்மீனியரைவிடப் பன்மடங்கு நெருக்கமாக இந்தத் தமிழரோடு நிற்கிறார்.

கொரியம் தமிழோடு உறவுடையது என்ற கூற்றைப் பற்றியும் இங்கே நேராகப் பேசியாக வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இதை உறுதியான உண்மையாக நம்புகிறார்கள். ‘அப்பா’ அங்கே ‘அப்பா’, ‘அம்மா’ ‘ஒம்மா’, ‘நாள்’ ‘நல்’, ‘புல்’ ‘புல்’ என்று பட்டியல் நீள்கிறது. கருத்து புதிதல்ல. கொரியாவில் ஆசிரியராக வாழ்ந்து அந்நாட்டின் விடுதலைக்காகக் குரல்கொடுத்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905 இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். 1984 இல் மோர்கன் கிளிப்பிங்கர் சொற்பட்டியலோடு அதை மீண்டும் எடுத்தார். இவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். முடிவை ஏற்கவில்லை.

அப்பா, அம்மா போன்ற சொற்கள் சான்றாகா. குழந்தையின் வாயில் முதலில் வரும் இதழொலிகள் எல்லா நாட்டிலும் பெற்றோர் பெயராகிவிடுகின்றன. ரோமன் யாக்கப்சன் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். ஆர்மீனியாவுக்கு அடுத்த வீடான ஜோர்ஜியாவில் ‘மாமா’ என்றால் தகப்பன், ‘தேதா’ என்றால் தாய்.

‘புல்’ இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய கொரியத்தில் அது மூச்சொலியோடு கூடிய பகரம், அடுத்து உகரம், அடுத்து லகரம். ஆனால் 15ஆம் நூற்றாண்டு நூல்களில் அந்தச் சொல்லில் உகரம் இல்லை. நம் குற்றியலுகரத்தை ஒத்த, இதழ் குவியாத வேறோர் உயிர் இருக்கிறது. தண்ணீரையும் நெருப்பையும் குறிக்கும் சொற்களும் அப்படியே. இதழொலிக்குப் பின் அந்த உயிர் உகரமாகக் குவிந்தது பிற்காலத்தில். சங்க நூல்களிலேயே ‘புல்’ புல்லாக இருக்கிறது. ஆக, காலத்தில் பின்னோக்கிப் போகப்போக இந்த இரண்டு சொற்களும் விலகுகின்றன. உண்மை உறவாக இருந்தால் நெருங்க வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்ய முடிவதே கொரிய மன்னர் சேஜோங்கின் கொடை. 1443 இல் அவர் உருவாக்கி 1446 இல் வெளியிட்ட எழுத்து அந்த உயிரைத் தனியே பதிந்துவைத்தது. ககரத்துக்கு நாவின் அடி தொண்டையை அடைக்கும் வடிவம், மகரத்துக்கு வாயின் வடிவம், சகரத்துக்குப் பல்லின் வடிவம் என்று ஒலி பிறக்கும் இடத்தையே எழுத்தாக வரைந்தார். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு இந்தச் சிந்தனை நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கும். நம் இலக்கணி சொல்லால் விளக்கியதை அவர் கோட்டால் விளக்கினார். ஆர்மீனியருக்கு 405 அளவில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் 36 எழுத்துகளை வகுத்துத் தந்தார். அவர் இல்லாவிட்டால் பழைய ஆர்மீனியம் எப்படி இருந்தது என்று ஹ்யூப்ஷ்மனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

எழுதிவைத்ததைக் காப்பதும் எளிதல்ல. 1942 இல் யப்பானிய ஆட்சி கொரிய மொழிச் சங்கத்தாரைச் சிறையில் அடைத்து, அவர்கள் பல ஆண்டுகள் தொகுத்த அகராதியின் கையெழுத்துப் பிரதியைப் பறிமுதல் செய்தது. 1945 இல் சியோல் புகையிரத நிலையக் கிடங்கொன்றில் அது கண்டெடுக்கப்பட்டது. 1947 முதல் 1957 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. அதே 1942 இல்தான் கொழும்புத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தின் சுவடிகளைச் சாம்பலாகக் கண்ட மக்களுக்கு அந்தக் கிடங்குப் பிரதியின் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

கொரிய–தமிழ் உறவைப் பேசுபவர்கள் காட்டும் அரசி ஹோ ஹ்வாங்-ஒக் பற்றியும் கேட்பீர்கள். கி.பி. 48 இல் ‘ஆயுத்தா’ நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து கொரியாவின் கயா நாட்டு மன்னரை மணந்ததாக ‘சம்குக் யுசா’ சொல்கிறது. அந்நூல் 13ஆம் நூற்றாண்டில் ஒரு பௌத்தத் துறவி தொகுத்தது. பெருமைமிக்க மரபுக்கதை அது. மொழியுறவுக்குச் சான்றாக அதை நிறுத்த முடியாது.

தூரத்து மொழியோடு உறவு தேடும் பெருமுயற்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. யப்பானியப் பேராசிரியர் சுசுமு ஒனோ தமிழையும் யப்பானிய மொழியையும் ஒப்பிட்ட ஆய்வில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு நெடுங்காலம் உழைத்தார்கள். ஐந்நூறு அளவிலான சொல் இணைகள், பொங்கலுக்கும் யப்பானிய அறுவடைச் சடங்குகளுக்கும் இடையிலான ஒப்புமைகள் என்று விரிந்த ஆய்வு அது. யப்பானிய மொழியியலாளர் பலர் ஒலி ஒழுங்கு போதாது என்று மறுத்தார்கள். அவர்களின் மறுப்பு வலுவானது என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் அந்த உழைப்பு வீணாகவில்லை. ‘மன்யோஷு’ என்ற பழைய யப்பானியப் பாடல் தொகுப்பின் காதற் பாடல்களை அகத்திணை அறிந்த ஒருவர் தமிழாக்கியதும், சங்கப் பாடல்களை யப்பானியர் படிக்கத் தொடங்கியதும் அந்த ஆய்வின் வழியே வந்தவை. உறவு நிறுவப்படாவிட்டாலும் நட்பு நிலைத்தது.

இனி அந்த முதற் கேள்வி: உறவில்லாத மொழிகள் ஏன் ஒத்திருக்கின்றன? ஒரு பகுதி விடை மனித மொழியின் இயல்பில் இருக்கிறது. வினையை இறுதியில் வைக்கும் மொழிகள் உருபைப் பெயருக்குப் பின்னால் வைக்க விரும்புகின்றன. ஜோசப் கிரீன்பேர்க் 1963 இல் பல மொழிகளை ஒப்பிட்டு இதைக் காட்டினார். மறுபகுதி விடை அயல். ஆர்மீனியம் நூற்றாண்டுகளாகத் துருக்கியத்தோடும் ஜோர்ஜியத்தோடும் ஒரே சந்தையில் வாழ்ந்தது. இரண்டுமே ஒட்டுநிலை மொழிகள். ஆர்மீனியம் மாறியதில் அவற்றின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வாதத்தைத் தீர்க்க விரும்புபவர் இலங்கைக்கு வரவேண்டும். அயலால் மொழி மாறுவது இங்கே தெளிவாக நடந்திருக்கிறது, ஒருமுறை அல்ல, மூன்று முறை.

கொம்பனித்தெரு மலாய்க்காரரைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டு முதல் ஒல்லாந்தர் கொண்டுவந்த படைவீரரும் நாடுகடத்தப்பட்டோரும் அவர்களின் முன்னோர். அவர்கள் கொண்டுவந்த மலாயில் வினை நடுவில் நிற்கும், பெயர் வேற்றுமை ஏற்காது. இன்று இலங்கை மலாயில் வினை இறுதிக்கு வந்துவிட்டது. பெயர்கள் வேற்றுமை உருபு ஏற்கின்றன. சொற்கள் மலாய்ச் சொற்கள்தான். வாக்கியம் சோனகத் தமிழும் சிங்களமும் வகுத்த வழியில் போகிறது. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயமும் அப்படியே. லிஸ்பனில் ‘பரா’ என்ற முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னால் நிற்கும். மட்டக்களப்பில் அது ‘ப’ என்று குறுகிப் பெயருக்குப் பின்னால் ஒட்டி, நம் ‘கு’ உருபின் வேலையைச் செய்கிறது. 1970களில் இயன் சிமித் அங்கே தங்கி இதை விரிவாக ஆராய்ந்தார். மூன்று நூற்றாண்டுகளில் இவ்வளவு நடக்குமானால், ஈராயிரம் ஆண்டு அயலில் வாழ்ந்த சிங்களத்தில் என்ன நடக்காது?

சிங்களத்தின் சொல்வளம் வடஇந்திய மூலத்தது. வில்ஹெல்ம் கைகர் 1938 இல் வெளியிட்ட இலக்கணம் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவியது. ஆனால் பேச்சுச் சிங்களத்தில் மூச்சொலிகள் உதிர்ந்துவிட்டன. ‘பூமி’ ‘பிம’ ஆயிற்று. ‘எனக்கு விளங்குது’ என்பது ‘மட்ட தேரெனவா’. விளங்கிக்கொள்பவர் நான்காம் வேற்றுமையில். ‘வருவதாக’ அல்லது ‘வருகிறேன் என்று’ சொல்ல ‘எனவா கியலா’ என்பார்கள். ‘கியலா’ என்பது சொல்லுதல் என்ற வினையின் எச்சம். நம் ‘என்று’ என்பதும் ‘என்’ என்ற சொல்லுதல் வினையின் எச்சமே. கடனாகப் பெற்றது சொல் அல்ல. சொல்லைப் பயன்படுத்தும் முறை.

இதை முதலில் துணிந்து சொன்னவர்களில் ஒருவர் சிங்கள அறிஞர் முதலியார் டபிள்யூ. எஃப். குணவர்தன. 1918 இல் இதே கொழும்பில், ஆனந்தாக் கல்லூரியில் ஆற்றிய உரையில், சிங்களத்தின் அமைப்பு அடிப்படையில் திராவிடமே என்று வாதிட்டார். குடும்பத்தையும் அமைப்பையும் அவர் குழப்பிவிட்டார் என்று இன்றைய மொழியியல் சொல்லும். ஆனால் அவர் கண்டது உண்மையான ஒன்றை. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் சிங்களத்தின் திராவிடக் கூறுகளை ஆராய்ந்தார். அன்று இரு பக்கத்து அறிஞர்களும் மற்றவரின் மொழியைக் கற்றிருந்தார்கள். இன்று கொரியத்தில் தமிழைத் தேடும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் ‘கியலா’வையும் ‘என்று’ என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்? தூரத்தில் உறவு தேடும் ஆசை எனக்குப் புரிகிறது. தனித்து விடப்பட்டவர்கள் என்று உணரும் மக்களுக்கு உலகில் எங்கோ ஒரு சொந்தம் வேண்டும். ஆனால் அந்த ஆசையால் அடுத்த வீட்டுக் கதவு மூடப்படுவது எனக்குப் பெருந்துயரம்.

கொழும்புத் தமிழை நாம் இன்னும் ஒழுங்காகப் பதிவுசெய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த பரதவர், கொழும்புச் செட்டிகள், மலையகத்திலிருந்து இறங்கியவர்கள், சோனகர், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் எல்லாரும் சில தெருக்களுக்குள் வாழ்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் நாள்முழுதும் சிங்களத்தோடு புழங்குபவர்கள். சிங்களம் தமிழால் மாறியதைச் சொன்னேன். கொழும்புத் தமிழ் சிங்களத்தால் எங்கே, எவ்வளவு மாறுகிறது என்பது அங்கே இப்போதே கேட்கக் கிடைக்கிறது. ‘தானே’ என்று முடிக்கும் வழக்கத்தில் சிங்கள ‘நே’யின் சாயல் உண்டா? கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இருமொழியிலும் வேண்டுதல் சொல்லும் குடும்பங்களில் பிள்ளைகள் எந்த மொழியில் எண்ணிக்கை சொல்கிறார்கள்? எழுபது எண்பது வயதானவர்களின் பேச்சும் பேரப்பிள்ளைகளின் பேச்சும் எங்கே பிரிகின்றன?

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். இச்சொற்பொழிவுக்கென ஒதுக்கிய நிதியில் ஒரு பங்கை, தமிழும் சிங்களமும் அறிந்த மாணவர் இருவரைச் சேர்த்துக் கொட்டாஞ்சேனையில் ஓராண்டு ஒலிப்பதிவு செய்ய ஒதுக்குங்கள். ஒருவர் தமிழ் வீட்டில் வளர்ந்தவராக, மற்றவர் சிங்கள வீட்டில் வளர்ந்தவராக இருக்கட்டும். சபையில் அந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பேசவைக்கச் சம்மதம் உண்டா என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முதற் பெயர்ப்பட்டியலை இன்றே தொடங்கலாம்.